பெருங்குடியில் ஒரு வட்ட அரங்கு: திறந்ததும் மூடியதும்

பின்னணி

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, பெருங்குடியில் ஒரு தகரக் கூரைக் கிடங்கைக் குத்தகைக்கு எடுத்து, நாற்புறமும் பார்வையாளர்கள் உட்காரும் நாடக அரங்காக மாற்றினார்கள் மூன்று பங்குதாரர்கள். ஒருவர் நாடக இயக்குநர். இன்னொருவர் நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழிலில் இருந்தவர். மூன்றாமவர் ஐ.டி. வேலையிலிருந்து விலகி, முதலின் பெரும்பகுதியைப் போட்டவர். 2013-இல் குத்தகை கையெழுத்தானது. ஆறு ஆண்டுகளில் கதவு மூடியது. கூட்டம் வராததால் மூடினார்கள் என்றும், கொரோனாவால் மூடினார்கள் என்றும் இன்று இரண்டு பேச்சு உலவுகிறது. இரண்டும் சரியில்லை. கொரோனாவுக்குப் பல மாதங்கள் முன்பே இருக்கைகளைக் கழற்றியாயிற்று. கூட்டமோ, கடைசி ஆண்டில்தான் அதிகம் வந்தது.

வட்டமாக உட்கார்ந்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்துக்கு மூன்று பக்கம் ஆள் உட்காரும். சர்க்கஸுக்கு நாலு பக்கமும். 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பயிலரங்கு நடத்திய பிறகு, மேடையை விட்டு இறங்கித் தரையில் நடிக்கும் பழக்கம் சென்னையின் நவீன நாடகக் குழுக்களில் பலவற்றுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கென்றே நிலையான ஒரு கட்டடம் வைத்து, டிக்கெட் விற்று, வாடகை கட்டி நடத்துவது வேறு தொழில். அமெரிக்காவில் அதைச் செய்தவர்கள் உண்டு. டல்லாஸில் மார்கோ ஜோன்ஸ் 1947-இல் தொடங்கினார். வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் 1950-இல் வந்தது. இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் ஸ்டீபன் ஜோசப் 1955-இல் ஒரு நூலகக் கட்டடத்தில் ஆரம்பித்தார். இயக்குநர் காட்டிய முன்மாதிரிகள் இவைதாம். பங்குதாரர்கள் பார்த்திருக்க வேண்டியது இன்னொரு வகை. அதைப் பின்னால் சொல்கிறோம்.

தொடங்கிய நேரம் நல்ல நேரம்தான். நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து முன் அனுமதி வாங்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடி, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் 2013-இல்தான் விலகியிருந்தது.

இடமும் அளவும்

கிடங்கு 80 அடி அகலம், 140 அடி நீளம், நடுவில் தூண் கிடையாது. வட்ட அரங்குக்கு இடம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தூண் கேள்வியைத்தான். 40 அடிக்கு ஒரு தூண் உள்ள கிடங்கு பாதி வாடகைக்குக் கிடைத்தாலும் பயனில்லை.

நடுவில் 24 அடி விட்டத்தில் ஆடுகளம். அதன் விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் 3 அடி இடைவெளி. அதற்குப் பின் வரிசைக்கு 3 அடி ஆழமாக ஐந்து வரிசை. நாலு திசையிலும் 6 அடி அகல வழிகள். நடிகர்கள் வருவதும் பார்வையாளர்கள் வருவதும் அதே வழியில். இருக்கைக்கு 22 அங்குலம் வைத்து, ஒலி-ஒளி இயக்கும் மேசைக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் இடம் விட்டபின் 312 இருக்கைகள் கிடைத்தன. கடைசி வரிசைக்காரர் ஆடுகள மையத்திலிருந்து சுமார் 29 அடி தொலைவில் உட்கார்ந்திருப்பார். சென்னை சபா அரங்குகளில் இது ஏழெட்டாம் வரிசைத் தொலைவு. இந்த நெருக்கம்தான் வட்ட அரங்கின் ஒரே பெரிய சொத்து, மற்றதெல்லாம் செலவு.

வரிசைகளுக்குப் பின்னால் 8 அடி அகலச் சுற்று நடை, அதை மூடி 76 அடி விட்டத்தில் ஜிப்சம் பலகைச் சுவர். நீளத்தில் மிஞ்சிய இடம் முன்புறம் வரவேற்புக்கும் பின்புறம் ஒப்பனை அறைக்கும் போனது.

ஆடுகளத்தைப் பள்ளமாக்குவது என்பது இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவு. கூரையின் ஓர உயரம் 18 அடி. விளக்குச் சட்டத்தை 16 அடிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. வரிசைக்கு ஓர் அடி ஏற்றினால் மேல் வரிசைக்காரர் விளக்குக்குப் பக்கத்தில் போய்விடுவார். அதனால் ஆடுகளத்தையும் முதல் வரிசையையும் கிடங்குத் தரைக்கு 2 அடி கீழே இறக்கினார்கள். சுற்று நடையிலிருந்து நாலு வழிகளும் சரிவாக ஆடுகளத்துக்கு இறங்கின. விளக்குக்கு 18 அடி உயரம் கிடைத்தது. பார்வைக் கோணமும் அழகாக அமைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊரில், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மேடை. கட்டடப் பொறியாளர் தேங்கும் நீருக்கு ஒரு சேகரிப்புத் தொட்டியும், அதை இறைக்க 1 எச்.பி. மோட்டாரும் வைக்கச் சொன்னார். வைத்தார்கள்.

பொதுமக்கள் கூடும் இடத்துக்கான உரிமத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வுச் சான்று, தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும். வேலை தொடங்கிய அன்றே விண்ணப்பித்ததால், இதில் தாமதம் ஏற்படவில்லை. உள்வேலைக்கு ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டியது. பத்து மாத அட்வான்ஸ் தனி.

முதல் ஆண்டில் தெரிந்தவை

ஒளி எதிர்பார்த்ததைவிடச் செலவு வைத்தது. பார்வையாளர்கள் ஒரே பக்கம் உட்காரும் படச்சட்ட மேடையில் ஒரு நடிப்புப் பகுதிக்கு முன்னிருந்து இரண்டு விளக்கு போட்டால் முகம் தெரிந்துவிடும். இங்கே நாலு பக்கமும் முகம் தெரிய வேண்டும். ஆடுகளத்தை 9 பகுதிகளாகப் பிரித்தார்கள். பகுதிக்கு 4 என்று 36 விளக்குகள் அடிப்படைக்கே வேண்டியிருந்தன. 45 பாகைக் கோணத்தில் வைத்தபோது, விளிம்பில் நிற்கும் நடிகரின் முகத்தைத் தாண்டிப் போகும் வெளிச்சம் அவருக்கு ஐந்தரை அடி பின்னால் தரையைத் தொட்டது. இடைவெளியோ 3 அடி. முதல் வரிசைக்காரரின் மடியிலும் கண்ணிலும் விளக்கு விழுந்தது. 60 பாகைக்கு நிமிர்த்தியதும் அது ஏறத்தாழ 3 அடியில் வந்து நின்றது; பதிலுக்கு நடிகர்களின் கண்குழியில் நிழல் விழுந்தது. கறுப்பு வண்ணம் அடித்திருந்த தரையைச் சுரண்டி வெளிர்ப் பழுப்பாக்கியதும், தரையிலிருந்து திரும்பும் ஒளி அந்த நிழலைப் பாதிக்குக் குறைத்தது. விளிம்புப் பகுதிகளுக்கு மட்டும், ஒளியைக் கத்தரிக்கும் தகடு உள்ள புரொஃபைல் விளக்குகள் வாங்கினார்கள். அங்கே தகடு இல்லாத சாதாரண பார் (PAR) விளக்கு உதவாது.

ஒலியில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அந்த வட்டச் சுவர். மையத்தில் நின்று பேசினால் குரல் 38 அடி போய், சுவரில் பட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் மையத்துக்கே திரும்பும். போய் வர 76 அடி. அதற்கு 67 மில்லி விநாடி. 50 மில்லி விநாடியைத் தாண்டினாலே காது அதைத் தனி எதிரொலியாகக் கேட்கும். பார்வையாளர்களுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. நடிகர்கள்தாம் தங்கள் குரலே குறுக்கே பேசுவதாகத் தடுமாறினார்கள். கனத்த திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, இடையிடையே சாய்ந்த பலகைகள் வைத்து வளைவை உடைத்தபின் சரியானது. வட்ட அரங்கு என்பதற்காகச் சுவரையும் வட்டமாகக் கட்ட வேண்டியதில்லை. கிடங்கின் நேர்ச்சுவரே போதுமாயிருந்தது.

இரண்டாவது மழை. தகரக் கூரைக்கு அடியில் 2 அங்குலக் கண்ணாடிக் கம்பளிப் பஞ்சு மட்டும் ஒட்டியிருந்தார்கள். அது வெயிலைத் தடுக்கும், உள்ளே எழும் எதிரொலியையும் குறைக்கும். மழைத்துளி தகரத்தில் அறையும் சத்தத்தை நிறுத்தாது. அதற்குப் பஞ்சுக்குக் கீழே கனமான பலகை அடுக்கு ஒன்று தனியாகத் தொங்க வேண்டும். அந்தக் கனத்தைக் கூரைச் சட்டம் தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழையும் நாடகமும் ஒன்றாக வரும். மழை வலுத்தால் நாடகத்தை நிறுத்தி இடைவேளை விடுவது வழக்கமாயிற்று. டிக்கெட்டிலேயே அதை அச்சடித்துவிட்டார்கள்.

தாமதமாக வருபவர்கள் இன்னொரு தொல்லை. பார்வையாளர் வழியும் நடிகர் வழியும் ஒன்றே என்பதால், ஏழேகாலுக்கு வருகிறவர் நாயகியோடு சேர்ந்து மேடைக்கு வந்தார். மேல் வரிசைக்குப் பின்புறமிருந்து ஏறும் இரண்டு படிகள் போட்டபின் இது தீர்ந்தது.

எது பொருந்தியது, எது பொருந்தவில்லை

இந்த அரங்கின் கதை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

சபா நாடகக் குழு ஒன்று முதலில் வந்தபோது, டெம்போவில் சோபா செட், கதவுச் சட்டம், வரைந்த தட்டிகள் எல்லாம் வந்து இறங்கின. சுவரே இல்லாத மேடையில் கதவை எங்கே நிறுத்துவது? சோபாவின் முதுகு ஒரு பக்கத்துப் பார்வையாளர்களுக்கு நடிகரை மறைத்தது. மேலிருந்து தொங்கும் மைக்கை நம்பிப் பேசிப் பழகியவர்கள், திரும்பிப் பேசினால் குரல் போவதை உணரவில்லை. மனிதக் குரலில் சொல்லைப் பிரித்துக் காட்டும் மேல்சுருதிகள் முன்பக்கம்தான் போகும். பின்னால் இருப்பவருக்கு மெய்யெழுத்துகள் மங்கும். ஒரு சபா நாடகத்தை வட்டத்துக்கு மாற்றப் பத்து ஒத்திகை வேண்டும் என்பது இயக்குநரின் கணக்கு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அதே நாடகத்தை மாற்றாமலே போட வாய்ப்பிருக்கும்போது, ஒரு பெருங்குடிக்காக யார் பத்து ஒத்திகை பார்ப்பார்கள்?

அரங்கின் சொந்தக் குழுவான உள்குழுவின் நாடகங்களுக்கு விதிகள் உருவாயின. நாற்காலி, மேசை எதுவும் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. நீண்ட வசனத்தை வழிகளின் வாயில் நின்று பேச வேண்டும். அங்கே முதுகுக்குப் பின் யாரும் இல்லை. இருவர் பேசும்போது நேருக்கு நேர் ஒட்டி நிற்காமல், மூலைக்கு மூலை தள்ளி நிற்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகமாவது கிடைக்கும். அரை நிமிடத்துக்கு மேல் யாரும் ஒரே திசையில் நிற்கலாகாது. திரை இல்லாததால் பொருள்களை இருட்டில் நடிகர்களே எடுத்துப் போக வேண்டும். அதற்கு இருளில் ஒளிரும் நாடா தரையில் ஒட்டியிருக்கும். ஆடையின் பின்புறம் குத்தும் ஊக்கு வரைக்கும் பார்வையாளர் கண்ணில் படும்.

பரதநாட்டிய நிகழ்ச்சிகள் ஒத்துவரவில்லை. அரைமண்டியும் அபிநயமும் ஒரு முன்பக்கத்தை வைத்தே அமைந்தவை. நட்டுவாங்கக் குழு எங்கே உட்கார்ந்தாலும் ஒரு பகுதியை மறைத்தது. மாறாக, கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், பறையாட்டம் முதலிய நிகழ்ச்சிகள் அந்த இடத்துக்கென்றே பிறந்தவை போல இருந்தன. இரண்டாம் ஆண்டில் சனிக்கிழமை மாலைகளில் நடந்த கிராமியக் கலை வரிசைதான் 312 இருக்கைகளும் நிரம்பிய முதல் தொடர். பறைக்கு மட்டும் ஒலியைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்துக் கிடங்குக்காரர் வந்தார்.

கணக்கு

மாதச் செலவு அசையாதது: வாடகை 2 லட்சம், ஆறு பேர் சம்பளம் 1.2 லட்சம், மின் இணைப்பின் நிலைக்கட்டணம், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 90 ஆயிரம். மொத்தம் 4.1 லட்சம். ஒரு காட்சிக்குக் குளிர்சாதனம், டீசல், துப்புரவு, வாயில் ஆள்கள் என்று 16 ஆயிரம்.

டிக்கெட் சராசரி 220 ரூபாய். வசூலில் 60 விழுக்காடு குழுவுக்கு, 40 அரங்குக்கு. 171 பேர் வந்தால் வசூல் 37,600. அரங்கின் பங்கு 15 ஆயிரம். காட்சிச் செலவுக்கே ஆயிரம் குறையும். 265 பேர் வந்தால் பங்கு 23 ஆயிரம், மிச்சம் 7 ஆயிரம். அப்படி மாதம் 12 காட்சிகள் நடந்தாலும் 90 ஆயிரத்தைத் தொடாது. முழு அரங்கே நிரம்பினாலும் நாடகத்தால் வாடகை கட்ட முடியாது என்பது முதல் ஆண்டுக் கணக்கிலேயே தெளிவாகத் தெரிந்தது.

இடைவெளியை நிரப்பியவை சாலை நெடுகிலும் இருந்த மென்பொருள் நிறுவனங்களின் கூட்டங்கள். நாளுக்கு 60 ஆயிரம் வாடகை, மாதம் ஐந்தாறு நாள். தலைவர் நடுவில் நிற்க, ஊழியர்கள் சுற்றி உட்காரும் கூட்டம் அப்போது அவர்களுக்குப் பிடித்திருந்தது. படவிளக்கத் திரைக்கு இடமில்லை என்று புகார் வந்ததும், விளக்குச் சட்டத்தின் நடுவில் நாலு பக்கத் திரை தொங்கவிட்டார்கள். நாடகமும் பயிற்சிப் பட்டறைகளும் அரங்குக்குப் பெயர் தந்தன. அந்தப் பெயரைக் கொண்டு பகல்நேர வாடகை வந்தது. இரண்டாம் ஆண்டு வரவும் செலவும் சரியாக நின்றன. எங்கள் கருத்தில் இந்த அரங்கு எட்டிய உச்சம் இதுதான். அன்று அதை யாரும் உச்சமாகக் கருதவில்லை. கணக்கு சரிக்குச் சரி வந்த நிலையை, இனி லாபம் வரும் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஊர்க்காரணங்களும் உண்டு. நாடகம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் நகரத்தின் நடுவில் இருந்தார்கள். பெருங்குடி சுங்கச்சாவடி அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. பறக்கும் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லை. சாலையில் வேலை பார்த்த இளைஞர்களோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. ஞாயிறு காட்சிகளைச் சனிக்கு மாற்றியது நல்ல முடிவு.

2015 டிசம்பர்

வெள்ளம் வந்தபோது சுற்று நடையில் தேங்கிய தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் நாலு சரிவு வழிகளும் வாய்க்கால்களாயின, ஆடுகளம் குளமானது. மின்சாரம் நின்றதால் தொட்டி மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் தரையிலேயே வைக்கப்பட்டிருந்ததால் அதுவும் நனைந்துவிட்டது. கேபிள் நீளம் குறையும் என்று, விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டிகளை முதலிரு வரிசைகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அவை எல்லாம் போயின. ஆடுகளப் பலகை உப்பிப் பிளந்தது.

காப்பீட்டில் பாதிதான் மீண்டது. குத்தகைக்காரர் கட்டடத்தில் செய்த மாற்றங்கள் உள்பொருள் காப்பீட்டில் சேராது என்று கையெழுத்திட்ட தாளிலேயே இருந்தது. பதினோரு வாரம் அரங்கு மூடியிருந்தது. பள்ளத்தை மூடி ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்கு உயர்த்தலாமா என்று பேசினார்கள். இருக்கைப் படிகள் அனைத்தையும் மாற்ற வேண்டும், விளக்கு உயரம் 2 அடி குறையும். செலவைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். டிம்மர்கள் மேலே போயின, ஜெனரேட்டர் 3 அடிப் பீடத்தில் ஏறியது. பள்ளம் அப்படியே நின்றது. அடியில் மண் இளகி, காங்கிரீட் தளம் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியிருந்ததைச் சமன்சாந்து பூசி மறைத்தார்கள்.

கச்சேரியின் பக்கம்

மறு ஆண்டு டிசம்பர் வந்தது. 2016 நவம்பர் 8-இல் பணமதிப்பிழப்பு. வாயிலில் ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்குபவர்கள் நின்றார்கள். டிசம்பர் 5-இல் முதலமைச்சர் ஜெயலலிதா மறைவு, ஊரே அடங்கியது. 12-ஆம் தேதி வர்தா புயல். அந்த சீசனில் அறிவித்த காட்சிகளில் பாதிக்குமேல் நடக்கவில்லை. பகல்நேர வாடகையும் இறங்கியது. நிறுவனங்கள் தங்கள் வளாகத்திலேயே கூடம் கட்டிக்கொண்டன.

இரண்டு வழிகள் இருந்தன. குத்தகையின் முதல் மூன்றாண்டு முடிந்து, அடுத்த மூன்றாண்டு 15 விழுக்காடு வாடகை உயர்வோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, பாதி இடத்தை உள்வாடகைக்கு விட்டு, சிறிய அளவில் நாடகத்தை மட்டும் வைத்துக்கொள்வது. மற்றது, அதிக டிக்கெட் விலை தாங்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் தனிநபர் நகைச்சுவைக்கும் போவது. இயக்குநர் முதலாவதைச் சொன்னார். முதல் போட்டவரும் நிகழ்ச்சிக்காரரும் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான்: நாடகம் ஒருபோதும் வாடகை கட்டவில்லையே?

ஆரம்பத்தில் சொன்ன இன்னொரு வகை முன்மாதிரி இங்கே வருகிறது. நியூ ஜெர்சியின் லாம்பர்ட்வில்லில் 1949-இல் கூடாரம் போட்டு வட்ட மேடையில் இசை நாடகங்கள் நடத்தத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் கூடாரங்கள் எழுந்தன. பென்சில்வேனியாவில் 1955-இல் வந்த வேலி ஃபோர்ஜ் அரங்கு பிறகு நிலையான கட்டடமாகி, நாடகத்தை விட்டுப் பிரபலப் பாடகர்களுக்கு மாறியது. ஏறத்தாழ 3,000 இருக்கைகள் இருந்தும், கலைஞர்கள் கேட்ட தொகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1996-இல் மூடியது. அந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வந்தது. மூவாயிரத்துக்கே அந்த நிலை என்றால் 312-க்கு என்ன?

கணக்கு இப்படி நின்றது. டிக்கெட் 750 ரூபாய். நாடகம், நடனம், கச்சேரிக்கு 2018 ஜனவரியிலிருந்து 500 ரூபாய் வரைதான் ஜி.எஸ்.டி. விலக்கு, மேலே போனால் 18 விழுக்காடு. 312 இருக்கைகளும் விற்றால் 2.34 லட்சம், வரி போக 1.98 லட்சம். பாடகருக்கும் வாத்தியக் குழுவுக்கும் 1.6 லட்சம், கூடுதல் ஒலிக்கருவி வாடகை 25 ஆயிரம், காட்சிச் செலவு 22 ஆயிரம். ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல் விற்றாலும் 9 ஆயிரம் நட்டம். பானம், சிற்றுண்டி விற்பனை அதை ஈடுகட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

உண்மையில் எல்லா இருக்கையும் விற்கவில்லை. பாடகர் ஒரு திசை பார்த்துத்தான் பாடுவார். அவர் முதுகுப் பக்கத்து 78 இருக்கைகள் கடைசியில்தான் விற்றன, அதுவும் பாதி விலைக்கு. டிரம்ஸ் யார் பக்கம் இருக்கிறதோ அவர்களுக்குப் பாட்டே கேட்கவில்லை.

சுழல்மேடை

முதுகுப் பக்கத்துச் சிக்கலுக்குத் தீர்வாக 20 அடி விட்டத்தில் ஒரு சுழல்மேடை செய்தார்கள். இரும்புச் சட்டம், மேலே 18 மி.மீ. பலகை இரண்டு அடுக்கு, அடியில் 32 சக்கரங்கள், விளிம்பை உரசி ஓட்டும் ரப்பர் சக்கரத்தோடு 2 எச்.பி. கியர் மோட்டார், வேகம் குறைக்கும் டிரைவ். நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று. திட்டத்தில் பிழையில்லை, வெளிநாட்டு வட்ட அரங்குகள் பலவும் இப்படிச் செய்தவைதாம். பிழை செய்முறையில்.

சக்கரங்களைத் தளத்தில் தலைகீழாகப் பதித்து, ஒவ்வொன்றையும் மட்டம் பார்த்து, அவற்றின் மேல் தட்டை ஓட விடுவதுதான் முறை. இங்கே சக்கரங்களைத் தட்டில் பொருத்தித் தளத்தின் மேல் ஓடவிட்டார்கள். வெள்ளத்தில் இறங்கிய அந்த முக்கால் அங்குலப் பக்கம் வந்தபோதெல்லாம் சில சக்கரங்கள் தொங்கின, சில மொத்தப் பளுவையும் சுமந்தன. பூசிய சாந்து நொறுங்கிப் பள்ளம் விழுந்தது. பத்து வாத்தியக்காரர்களும் கருவிகளும் சேர்ந்து ஒன்றரை டன். ஓட்டும் சக்கரம் வழுக்கி, மேடை ஒரே இடத்தில் நின்று உறுமும். அதைச் சரிசெய்ய அழுத்தத்தைக் கூட்டினால் மெதுவான பாட்டில் மோட்டார் சத்தம் கேட்கும்.

கேபிள்கள் இன்னொரு பக்கம். சுற்றும் மேடைக்கு மின்சாரமும் ஒலியும் தடையின்றிப் போக வழுக்கு வளையம் வேண்டும். விலை கருதி அதை விட்டுவிட்டு, ஒரு பக்கம் முக்கால் சுற்று, பிறகு எதிர்ப்பக்கம் முக்கால் சுற்று என்று ஓட்டினார்கள். நிறுத்தும் சுவிட்ச் ஒருமுறை தவறியபோது கேபிள் கட்டு முறுகி, பாட்டின் நடுவே ஒலி முழுவதும் அறுந்தது. யாருக்கும் காயமில்லை. பாதி டிக்கெட் பணம் திருப்பித் தரப்பட்டது.

ஆறாவது வரிசை

இருந்த கணக்கில் இருக்கைகள் கூடினால்தான் பிழைக்கலாம். சுற்று நடையின் 8 அடியில் 3 அடியை எடுத்து ஆறாவது வரிசை போட்டார்கள். 90 இருக்கைகள் சேர்ந்து 402 ஆயிற்று. நிரம்பிய கச்சேரிக்கு வரி போக 2.55 லட்சம் வரும். எல்லாச் செலவும் போக 48 ஆயிரம் மிஞ்சும். சில இரவுகள் அப்படி மிஞ்சவும் செய்தது. கூட்டம் வந்த ஆண்டு என்று முதலில் குறிப்பிட்டது இதைத்தான்.

உரிமம் புதுப்பிக்கும் ஆய்வில் இது நின்றுவிட்டது. நாலு வழிகளிலிருந்தும் 400 பேர் ஒரே நேரத்தில் 5 அடி நடையில் இறங்க வேண்டும், வெளிக்கதவுகள் மூன்றே. தாமதமாக வருபவர்களுக்குப் போட்ட படிகள் அந்த 5 அடியையும் இரண்டு இடங்களில் குறுக்கின. அனுமதித்த வரைபடத்தில் ஆறாவது வரிசை கிடையாது. அதிகாரி வரிசையை எடுக்கச் சொன்னார். ஆய்வு சரி என்பதே எங்கள் முடிவு. அவர் விட்டிருந்தால்தான் தவறு.

மூடல்

வரிசையை எடுத்தால் கச்சேரி நட்டம். நாடகத்துக்குத் திரும்பலாமென்றால் நடுவில் சுழல்மேடை நின்றது; அதன் பலகை நடக்கும்போதெல்லாம் அதிர்ந்தது. இயக்குநர் ஏற்கெனவே விலகியிருந்தார்; அவரோடு நடிகர்களும், பட்டறைக்கு வந்துகொண்டிருந்த மாணவர்களும் போயிருந்தார்கள். குத்தகை 2019-இல் முடிவதற்கு ஆறு மாதம் இருந்தது. புதுக் குத்தகைக்கு உரிமையாளர் கேட்ட வாடகை முந்தியதைவிட வெகு அதிகம்.

மூன்று வாய்ப்புகளைப் பார்த்தார்கள்: விற்பது, வேறு குழுவுக்குக் கைமாற்றுவது, மூடுவது. வாங்க வந்த இருவரும் கேட்ட முதல் கேள்வி, பள்ளத்தை யார் மூடித் தருவார்கள் என்பது. குத்தகை ஒப்பந்தப்படி கிடங்கைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும். பள்ளத்தை நிரப்பித் தளம் போட்ட செலவு அட்வான்ஸில் மூன்றிலொரு பங்கைத் தின்றது. புரொஃபைல் விளக்குகள் நல்ல விலைக்குப் போயின. இருக்கைகளை ஒரு பள்ளி வாங்கியது. வளைவாக அமைத்த இணைப்புச் சட்டங்கள் நேர்வரிசைக்குப் பொருந்தாமல் அவை மட்டும் பழைய இரும்பாயின. சுழல்மேடையும் எடைக்குத்தான் போனது. சம்பளப் பாக்கியும் குழுக்களுக்குத் தர வேண்டிய பங்கும் முழுவதும் தீர்க்கப்பட்டன. இப்படி மூடும் அரங்குகளில் அது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் குறிப்பிடுகிறோம்.

மீண்டும் செய்தால் மாற வேண்டியவை

பள்ளம் வேண்டாம். சென்னையின் தாழ்நிலப் பகுதியில் ஆடுகளம் சாலை மட்டத்துக்குக் குறைந்தது 2 அடி மேலே இருக்கட்டும். உயரம் போதவில்லையென்றால் வரிசைகளை நாலாகக் குறைக்கலாம். அல்லது கூரை உயர்ந்த வேறு கிடங்கைப் பார்க்கலாம்.

இருக்கைகளைத் தரையோடு பதிக்காமல், எடுத்து நகர்த்தும் படிமேடைகளில் அமைத்திருந்தால், நடனத்துக்கும் கச்சேரிக்கும் ஒரு பக்கத்து 78 இருக்கைகளை எடுத்து மற்ற மூன்று பக்கமும் பரப்பியிருக்கலாம். சுழல்மேடைக்கே தேவை வந்திருக்காது. தெருக்கூத்தின் மூன்று பக்கம் என்ற ஏற்பாடு பின்பக்கத்தில் வாத்தியக்காரர்களுக்கு ஓர் இடம் விடுவதற்காகத்தான் என்பதை, நாலு பக்கமும் டிக்கெட் விற்ற இந்த அரங்கு தாமதமாகத் தெரிந்துகொண்டது. ஆள் நான்கு பேர், நேரம் மூன்று மணி இருந்தால் ஒரு பக்கத்தை மாற்றிவிடலாம்.

நிகழ்ச்சிகளைத் தேர்வது அரங்கின் வேலையாக இருக்க வேண்டும். வாடகைக்குக் கேட்கும் எல்லாருக்கும் வட்டத்தைத் தரக் கூடாது. முதல் இரண்டாண்டுகளில் நிரம்பியவை உள்குழு நாடகங்களும் கிராமியக் கலைகளும். இரண்டுக்கும் முதுகுப் பக்கம் என்று ஒன்று இல்லை. கூத்தும் ஆட்டமும் தெரிந்த குழுக்களுக்கு ஆண்டு முழுக்க நாள் ஒதுக்கி, பள்ளி, கல்லூரிகளுக்குப் பகல் காட்சிகள் விற்றிருந்தால், பகல்நேர நிறுவன வாடகை சரிந்தபோது தாங்க ஏதாவது இருந்திருக்கும். அதுவும் 4.1 லட்சத்தை எட்டியிருக்காது. அதனால் வாடகையையே குறைக்க வேண்டும்: 11,200 சதுர அடி எடுத்து 5,000-ஐ மட்டும் வருமானத்துக்குப் பயன்படுத்துவதைவிட, 70 அடிக்கு 70 அடி போதும். நாலு வரிசை, 220 இருக்கை, சுவரோரம் விட்ட 8 அடி நடையில் கைவைக்காத ஒப்பந்தம்.

அந்த இயக்குநரும் பழைய குழுவில் சிலரும் இப்போது திருமண மண்டபங்களின் சாப்பாட்டுக் கூடத்தை முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வாடகைக்கு எடுத்து, 120 பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்று வரிசையாக வட்டமிட்டுப் போட்டு நடத்துகிறார்கள். விளக்கு 12, நாலு தாங்கிகளில். மண்டபத்தின் மின்விசிறிகளை நிறுத்த வேண்டியிருப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் காட்சி கிடையாது.